சைட் போட்டுக் கோடீஸ்வரர் ஆனவர்கள் எப்படி ஆனார்கள்: கோபித் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி கேட்ட தம்பி கோபிக்காரர், ஈரோடு மாவட்டத்துக் கோபிசெட்டிபாளையம். குடும்பத்துக்கு 3 ஏக்கர் வாய்க்கால் பாசன நிலம், கையில் 40 லட்சம் ரூபாய் சேமிப்பு. "கோயமுத்தூர்ல சைட் போட்டும் அபார்ட்மெண்ட் கட்டியும் நூறு கோடி, இருநூறு கோடின்னு சேர்த்திருக்காங்களே, எப்படிங்க? நானும் இடத்தை வாங்கிப் போட்டுக் காத்திருந்தா அந்த அளவுக்கு வர முடியுமா?" என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இடத்தை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருப்பது சேமிப்பு. அவர் பார்த்து வியக்கிற ஆட்கள் செய்தது தொழில். இரண்டிலும் பணம் வரும் வழி வேறு, போகும் வழியும் வேறு. அவர் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

நான் சிவில் என்ஜினியர். கோவையில் நிலத்தைச் சைட்டுகளாக, அதாவது வீட்டுமனைகளாகப் பிரிக்கும் லேஅவுட் வரைபடம் தயாரிப்பதும், வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து தருவதும் பல வருஷமாக என் பிழைப்பு. நிலத்தை மனையாக்கி விற்கும் புரமோட்டர்களின் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் இடம், அனுமதி, செலவு, விற்பனை ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். வரி பற்றி நான் சொல்வதை ஒரு ஆடிட்டரிடமும், பாகப்பிரிவினை பற்றிச் சொல்வதை ஒரு வக்கீலிடமும் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த ஊரின் சந்தை விலையும் இல்லை. ஏக்கர் 1 கோடி என்று 10 ஏக்கர் புஞ்சைக் காடு (புஞ்சை நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம்) கிடைக்கிறது. அதாவது சென்ட் 1 லட்சம். லேஅவுட் போட்டால் ரோட்டுக்கு ஏறக்குறைய 30 சதவீதம் போகும். ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். மின்சார வாரியத்துக்கும் சின்னச் சின்னத் தேவைகளுக்கும் இன்னும் கொஞ்சம். கடைசியில் ஏக்கருக்கு 60 சென்ட்தான் விற்க மிஞ்சும். அப்போதே வாங்கிய விலை சென்ட்டுக்கு 1 லட்சத்து 67 ஆயிரமாகிவிட்டது. இதை அறியாமல் "அவன் லட்சத்துக்கு வாங்கி மூன்றரை லட்சத்துக்கு விற்கிறான், இரண்டரை லட்சம் லாபம்" என்று பேசுகிறவர்கள்தான் அதிகம். 600 சென்ட்டை மூன்றரை லட்சத்துக்கு விற்றால் 21 கோடி. நிலம் 10 கோடி. தார் ரோடு, சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, கம்பம், அனுமதிக் கட்டணம் எல்லாம் சேர்த்து இரண்டரைக் கோடி. புரோக்கர் கமிஷன், விளம்பரம், வட்டி, ஆபீஸ் செலவு இன்னொரு இரண்டரைக் கோடி. வரிக்கு முன் 6 கோடி மிச்சம். 15 கோடி போட்டு 6 கோடி என்பது நல்ல லாபம்தான், ஆனால் இதனால் மட்டும் யாரும் பெரும் பணக்காரர் ஆவதில்லை.

எப்படி ஆகிறார்கள் என்றால், அந்த 15 கோடியை அவர்கள் போடுவதே இல்லை. இதுதான் முழு விஷயத்தின் நடு முடிச்சு. நம் நாட்டில் தனியார் புரமோட்டர் நிலம் வாங்க வங்கிகள் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. கட்டுமானத்துக்குக் கிடைக்கும், நிலத்துக்குக் கிடைக்காது. அதனால் நிலத்தின் விலையை வேறு யாராவது சுமக்க வேண்டும். சுமப்பவர் பெரும்பாலும் நிலத்தை விற்கிற விவசாயியே. கால்பங்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போடுவார்கள், அவர் சார்பில் விற்பதற்கான அதிகாரப் பத்திரமான பவர் எழுதி வாங்குவார்கள், மீதியை சைட் விற்க விற்கக் கொடுப்பதாகப் பேச்சு. இப்போது கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அட்வான்ஸ் இரண்டரைக் கோடி, ரோடும் அனுமதியும் இரண்டரைக் கோடி, ஆகக் கையிலிருந்து இறங்கியது 5 கோடி. இரண்டு வருஷத்தில் 6 கோடி லாபம். போட்ட பணம் இரட்டிப்புக்கும் மேல். அதோடு நிலத்தைத் தன் பெயரில் கிரயம் செய்து, பிறகு மறுபடி விற்றால் இரண்டு தடவை பத்திரச் செலவு. இன்று தமிழ்நாட்டில் அது 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும். விவசாயியிடமிருந்து பவர் மூலம் நேரடியாக சைட் வாங்குபவருக்கே கிரயம் போனால் ஒரு தடவைதான். பவருக்கும் இப்போது செலவு உண்டு, 2023 ஜூலையிலிருந்து குடும்பத்துக்கு வெளியே பவர் கொடுத்தால் சொத்து மதிப்பில் 1 சதவீதம் கட்டணம். ஆனாலும் 9 எங்கே, 1 எங்கே?

அந்த 5 கோடியும் ஒரே ஆளின் பணமாக இருப்பது அபூர்வம். நம் பக்கத்தில் ஐந்தாறு பேர் கூட்டுச் சேர்வார்கள். ஒருவர் நூல் வியாபாரம், ஒருவர் ஃபைனான்ஸ், ஒருவர் கோழிப்பண்ணை, ஒருவருக்கு அந்த ஊரில் உறவுக்காரர்கள் அதிகம். உறவும் நம்பிக்கையும்தான் ஜாமீன். கொங்கு நாட்டில் இந்தத் தொழில் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பது என் கருத்து. வங்கி தராத பணத்தைச் சொந்தபந்தம் தந்தது.

இதையே பெரிய அளவில் செய்தவர் டிஎல்எஃப் நிறுவனத்தின் கே.பி. சிங். டெல்லிக்கு வெளியே குர்கான் அப்போது வெறும் விவசாய பூமி. அவர் விவசாயிகள் வீட்டுக்குப் போய்ப் பேசி, நல்லது கெட்டதில் கலந்துகொண்டு, சுமார் 3,500 ஏக்கரைச் சேர்த்தார். அதில் பெரும்பகுதி கடனாக வாங்கியது. விவசாயிக்குக் கொடுத்த பணத்தையே அவரிடமிருந்து திரும்ப முதலீடாக வாங்கி, மாதாமாதம் வட்டியைத் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1980களில் ஹரியானா அரசு தனியாருக்கு டவுன்ஷிப் லைசன்ஸ் கொடுத்தபோது நிலம் தயாராக இருந்தது. அவர் விற்றது அந்த அனுமதியும் நம்பிக்கையும் சேர்ந்த நிலத்தை.

மதிப்பு எங்கே பிறக்கிறது என்பதைப் பக்கத்தில் காட்டினால்தான் விளங்கும். அன்னூர் பக்கம் 8 ஏக்கர் காடு ஒன்று நீண்டகாலம் விற்காமல் கிடந்தது. தண்ணீர் இருந்தது, மண் நன்றாக இருந்தது, தார் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். பத்திரத்தில் மட்டும் "12 அடி அகல மாமூல் வண்டித்தட பாத்தியம்", அதாவது வழக்கமாக வண்டி போய்வரும் வழியுரிமை என்று எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் கள்ளிவேலி போட்ட பழைய இட்டேரி அது. "தடம் இல்லாத காட்டை எவனுங்க வாங்குவான்?" என்று காட்டுக்காரரே சலித்துக்கொள்வார். 12 அடித் தடத்தில் லேஅவுட் அனுமதி கிடைக்காது. வந்து பார்த்த புரோக்கர்கள் அத்தனை பேரும் காட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு புரமோட்டர் மட்டும் முன்னால் ரோட்டோரம் இருந்த 60 சென்ட்டைப் பார்த்தார். அதன் சொந்தக்காரர்கள் நான்கு பங்காளிகள், ஒருவர் சிங்கப்பூரில், இருவருக்குள் பேச்சு வார்த்தை இல்லை. அவர்களைச் சேர்த்து உட்கார வைத்து, ஊர் விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்து அதை வாங்கினார். அந்த 60 சென்ட்டுக்கு அவர் அதிகமாகக் கொடுத்த பணத்தைப் போலப் பல மடங்கு பின்னால் இருந்த 8 ஏக்கரின் விலை ஏறியது, ஏனென்றால் அந்தக் காட்டை அவர் முன்பே அக்ரிமெண்ட் போட்டு வைத்திருந்தார். வரைபடத்தை நான் போட்டேன். முன்னால் இருக்கிற 60 சென்ட்டில் 40 அடி ரோட்டைக் கோடிழுத்த அன்றைக்கே அந்த லாபம் முடிவாகிவிட்டது, தார் போட்டதும் கம்பம் நட்டதும் அதற்குப் பிறகு நடந்த வேலைகள்.

காகித வேலையும் அப்படித்தான். 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இல் மத்தியத் திருத்தமும் வந்தபின் பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. கட்டிக் கொடுத்த பெண்ணிடம் கையெழுத்து வாங்காமல் அண்ணன் தம்பிகள் மட்டும் விற்ற நிலங்கள் இன்றைக்கும் கோர்ட்டில் கிடக்கின்றன. பவர் கொடுத்தவர் இறந்துபோனால் அந்தப் பவரை வைத்து விற்கப் போய் மாட்டிக்கொள்வார்கள், அதனால்தான் பதிவாளர் அவர் உயிரோடு இருப்பதற்கான மருத்துவச் சான்று கேட்கிறார். பவர் என்பது விற்பனை ஆகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த முடிச்சுகளை நேர்மையாக அவிழ்க்கத் தெரிந்தவருக்கு, மற்றவர் தொடத் தயங்குகிற நிலம் குறைந்த விலையில் கிடைக்கிறது. பெரிய லாபங்களில் கணிசமானவை இப்படிப் பொறுமையாக உழைத்துச் சம்பாதித்தவை என்பதை நான் மதிப்போடு சொல்கிறேன்.

சரி, நல்ல லாபம் எப்படி வருகிறது என்று பார்த்தோம். பெருஞ்செல்வம் என்பது அதற்கு அடுத்த படி. சைட் போட்டு விற்பவர் ஒவ்வொரு முறையும் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும், வரியும் தொழில் வருமானமாகக் கட்ட வேண்டும். தலைமுறை தாண்டி நின்ற செல்வங்களைப் பாருங்கள், எல்லாம் விற்காமல் வைத்துக்கொண்டவர்களுடையவை. லண்டனின் குரோவ்னர் குடும்பத்துக்கு 1677இல் ஒரு கல்யாணத்தின் மூலம் ஊருக்கு மேற்கே சதுப்பும் புல்வெளியுமாகச் சுமார் 500 ஏக்கர் வந்தது. அதுதான் பிற்பாடு மேஃபேர், பெல்கிரேவியா. நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, குத்தகை முடிந்ததும் திரும்ப வாங்கி, மறுபடி குத்தகைக்கு விட்டார்கள். அமெரிக்காவில் டொனால்ட் பிரென் 1977இல் கூட்டாளிகளோடு இர்வைன் நிறுவனத்தை வாங்கி, 1983இல் பெரும்பங்கைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். ஒரு நகரத்தையே திட்டம் போட்டு எழுப்பி, அலுவலகங்களையும் அடுக்ககங்களையும் வாடகைக்கு வைத்துக்கொண்டார். சைட் விற்ற பணத்தில் வாடகைக் கட்டடம் கட்டுவது, அந்த வாடகையைக் காட்டி வங்கிக் கடன் வாங்கி அடுத்ததைக் கட்டுவது என்பதே அந்தப் பாதை. கடன் வாங்கிய பணத்துக்கு வருமான வரி கிடையாது, சொத்தும் கையை விட்டுப் போவதில்லை.

கோவையில் இதன் நம்மூர் வடிவம் மில் நிலங்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, சிங்காநல்லூர் என்று ஊருக்கு வெளியே நூற்பாலைகள் எழுந்தன. மில்லுக்கென்று வாங்கிய அந்தப் பூமியைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது. நூல் தொழில் தள்ளாடிய காலத்திலும் அந்த நிலம் பல குடும்பங்களைத் தாங்கியது. லட்சுமி மில்ஸ் வளாகத்தில் 2023இல் லூலு கடை வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பங்கள் ரியல் எஸ்டேட் செய்ய நினைத்து நிலம் வாங்கியவர்கள் இல்லை. 90 வருஷம் பிடித்து வைத்திருக்க முடிந்தது, அவ்வளவுதான். அதனால் "அவர்கள் மாதிரி" என்று 40 லட்சத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

மற்றவர்கள் பயந்து ஓடும்போது வாங்குவதும் ஒரு வழி. 1967இல் ஹாங்காங்கில் கலவரம் நடந்து நிலவிலை சரிந்தபோது, பிளாஸ்டிக் பூ செய்துகொண்டிருந்த லீ கா-ஷிங் நிலங்களை வாங்கினார். அங்கிருந்து ஆசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே வருஷம் அதே துணிச்சலோடு வாங்கி, அடுத்த சரிவில் கடனில் மூழ்கியவர்கள் பெயர் வரலாற்றில் இருக்காது. ஜெயித்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பதை ஒவ்வொரு கதையிலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அதுவரை பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்த சைட்டுகள் ஒரே நாளில் நின்றுபோயின. இரண்டே மாதத்தில் பணமதிப்பிழப்பு. 2017 மே மாதம் அந்த மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து ஓரளவு வழி திறந்தது. அதற்குள் மாதம் நூற்றுக்கு ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் முடிந்துபோனார்கள். மேலே போட்ட கணக்கில் 5 கோடியும் ரெண்டு வட்டிக்கு வாங்கியது என்றால் வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் வட்டி. விற்பனை இரண்டு வருஷம் தள்ளிப்போனால் லாபத்தில் ஏறக்குறைய பாதி போச்சு. அதற்குள் அக்ரிமெண்ட் கெடு முடியும், விவசாயி விலை ஏற்றிக் கேட்பார், அதில் மீதியும் போகும். நிலத்தின் விலை குறையவே இல்லை, ஆனாலும் ஆள் திவால். சீனாவின் எவர்கிராண்ட் என்ற கட்டுமான நிறுவனத்தின் கதையும் அளவில்தான் வேறு. வீடு வாங்குபவர்களின் முன்பணத்தையும் கடனையும் சுழற்றியே வளர்ந்தது, 2021இல் தவணை தவறியது, 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டபோது கடன் 30,000 கோடி டாலருக்கு மேல். மற்றவர் பணத்தில் ஏறுகிற வேகமும் இறங்குகிற வேகமும் ஒன்றே.

அதனால்தான் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது எனக்கு நிம்மதி. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ 8க்கு மேற்பட்ட வீடுகளோ இருந்தால், பதிவு செய்யாமல் விளம்பரமே போடக் கூடாது. வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தத் திட்டத்துக்கே செலவழிக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒரு லேஅவுட் பணத்தை எடுத்து அடுத்த நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பழைய ஆட்டம் இப்போது சட்டப்படி முடியாது. இருபது வருஷத்துக்கு முன் சேர்ந்த சில செல்வங்கள் சேர்ந்த வழி இன்று அடைபட்டிருக்கிறது என்பதும் இதற்குப் பொருள்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி சந்தேகத்துக்குரியவை. எந்தப் பக்கம் ஊர் வளரும் என்பதை அடித்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். சரவணம்பட்டியும் காளப்பட்டியும் டைடல் பார்க்கும் ஐடி கம்பெனிகளும் வந்ததால் வளர்ந்தன, அது நடந்தபின் சொல்வது சுலபம். அவிநாசி ரோடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. அதனால் நீலாம்பூருக்கு அப்பால் விலை ஏறும் என்கிறார்கள். இருக்கலாம், ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி பாலம் கட்டத் தொடங்கியபோதே விலையில் சேர்ந்துவிட்டது. பெரும் பணக்காரர்களின் வெற்றியில் முன்கூட்டியே செய்தி தெரிந்தது எவ்வளவு, திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நானும் முயலவில்லை.

இப்போது உங்கள் விஷயம். கோபி வாய்க்கால் பாசன நிலம் என்றால் நஞ்சையாக இருக்கும். நஞ்சையை மனையாக மாற்ற மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், சுலபத்தில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது என்று நினைக்கிறவன் நான். கொடிவேரித் தண்ணீர் பாயும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை மண் நெல்லும் மஞ்சளும் விளைகிற மண். கோவையைச் சுற்றி எத்தனையோ தோட்டங்களுக்கு நானே கோடு போட்டிருக்கிறேன், ஆனால் வாய்க்கால் தண்ணீர் பாய்கிற வயலுக்குப் போட மனசு வராது. அந்த 3 ஏக்கரை யாருடைய கடனுக்கும் அடமானமாக வைக்காதீர்கள். எந்தக் கூட்டிலும் அதை உங்கள் பங்காகக் காட்டாதீர்கள்.

40 லட்சத்தில் தனியாக லேஅவுட் செய்ய முடியாது. நன்றாகத் தெரிந்த ஆட்களோடு ஒரு சின்னத் திட்டத்தில், அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் போகாமல், எழுதிப் பதிவு செய்த கூட்டு ஒப்பந்தத்தோடு பங்கு சேரலாம். மாதம் இத்தனை உறுதியாகத் தருகிறோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நிலத் தொழிலில் மாதாமாதம் லாபம் வராது. 2012இல் பெருந்துறை ஈமு கோழியில் நம் பக்கத்து ஜனங்கள் இழந்தது இந்த வார்த்தையை நம்பித்தான். பணத்தைவிட முதலில் தேவை வேலை தெரிவது. ஒரு வருஷம் நேர்மையான ஒரு புரமோட்டரோடு சுற்றுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 வருஷ வில்லங்கம் போட்டுப் படிக்கவும், தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை பெயர்களைக் கோத்துப் பார்க்கவும், எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டில் எல்லைக் கல் தேடி நடக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அதன்பிறகும் ஆசை இருந்தால், உங்கள் ஊர்ப் பக்கத்தில் மேட்டாங்காடாக, தடம் சரியாக உள்ள ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் புஞ்சையைப் பார்த்துவிட்டு அதன் பத்திர நகலோடு மறுபடி எழுதுங்கள், தடப் பாத்தியத்தை நான் படித்துச் சொல்கிறேன்.